பற்றைக்குள் இருக்கும் வளவு

சோளகம் அடிக்கிற இந்த ஆவணி மாதத்தை விட்டால், பற்றை பிடித்துக் கிடக்கிற வளவுக்குள் இறங்க வேறு நல்ல காலம் வாய்க்காது. ஐப்பசியில் மழை விழுந்த பிறகு நீங்கள் வெட்ட வெட்ட அது தழைக்கும். இப்போது மண் காய்ந்திருக்கிறது. பிடுங்கிப் போட்ட வேர் மாலைக்குள் வெயிலில் கருகிவிடும்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இன்றைக்கு என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத இளம் குடும்பங்கள். போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள், இப்போது கலியாணம் கட்டித் தாயின் காணிக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். கையில் உறுதி இருக்கும், காணியில் காடு இருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் இதைச் சொல்லாமல் தோட்டம் பற்றிப் பேசக் கூடாது. உங்கள் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்து பத்து வருடம் தாண்டியும் அந்த வேலை நடந்தது. துப்புரவாக்கிய காணியிலும் கறள் பிடித்த இரும்பு ஏதும் கண்டால் தொடவோ தட்டவோ வேண்டாம். கிட்டப் போகாமல், நிற்கிற இடத்திலேயே ஒரு கொப்பில் துணி கட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். குப்பையைக் கூட்டித் தீ வைத்தபோது வெடித்த செய்திகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆகவே தீ வேண்டாம். வெட்டியதை ஓர் ஓரமாகக் குவியுங்கள், உக்கி எருவாகட்டும். பற்றைக்குள் புடையன் பாம்பு படுத்திருக்கும், சப்பாத்தில்லாமல் இறங்காதீர்கள். பாழ்கிணற்றுக்குள் தனியாக இறங்குகிற வீரமும் வேண்டாம். உள்ளே நச்சுக் காற்று நின்றால் மேலே வர நேரம் இருக்காது.

சரி, இனி எனக்குப் பிடித்த விசயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பற்றை என்று பார்க்கிற இடம் ஒரு காலத்தில் ஒருவர் யோசித்து யோசித்து நட்ட வளவு. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் உழைத்தவர்கள் மிளகாயோடு நிற்கவில்லை. வீட்டைச் சுற்றி என்னென்ன வேண்டுமோ எல்லாம் வைத்தார்கள். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டக் காணிகளிலும் அப்படித்தான். அந்த நடுகைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் வாழை. அதற்கு அப்பால், ஈரம் கொஞ்சம் எட்டுகிற இடத்தில் தேசி, மாதுளை. குசினி வாசலுக்குக் கிட்டக் கறிவேப்பிலை. வேலியில் முருங்கை. இந்த ஒழுங்கு தெரிந்தால் ஒன்றைக் கண்டவுடன் மற்றதையும் தேடிப் பிடிக்கலாம்.

வேலியையும் அப்படியே கண்டுபிடிக்கலாம். கிடுகும் கம்பியும் போயிருக்கும். ஆனால் அன்றைக்கு ஊன்றிய கதியால்கள் இன்றைக்குப் பெரிய மரமாகி நிற்கும், பூவரசும் கிளிசரியாவும் ஒரே நேர்கோட்டில். காட்டு மரம் ஒருநாளும் வரிசையில் நிற்காது, நேயர்களே! கோடாக நின்றால் அது உங்கள் வேலிதான்.

தருமபுரத்துக்குக் கிட்ட ஒரு வளவில் நானும் வீட்டுக்காரப் பிள்ளையும் கொக்கத்தடியால் உண்ணிச்செடியை இழுத்து விலக்கிக்கொண்டு போனோம். உள்ளே ஒரு தேசி. பாதிக் கொப்பு காய்ந்து, மற்றப் பாதியைக் குருவிச்சை பிடித்திருந்தது. ஆனால் அடியில் ஒரு பச்சைக் கொப்பு, அதில் நாலைந்து காய். அந்தப் பிள்ளை ஒரு காயை நகத்தால் கீறி மணந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது அம்மம்மா வைச்சதாம், அம்மா சொல்லுவா" என்றது. காய்ந்த கொப்புகளைப் பச்சை தெரிகிற இடம்வரை அரிந்தோம். குருவிச்சையை அது பிடித்த கொப்போடேயே வெட்டினோம். மேலால் பிய்த்தால் திரும்பவும் முளைக்கும். அடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, உக்கிய மாட்டெரு போட்டு, மேலே குழை பரப்பிவிட்டோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. மாரி முடிய அது துளிர்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

மரம் மட்டுமா? கொடிகளைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளிபோலப் பூனைமயிர் மினுங்கினால் அது முசுட்டை. குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வறை வறுத்தால் ஒரு கோப்பைச் சோறு தானாக இறங்கும். பக்கத்தில் குறிஞ்சா, கொவ்வை, தூதுவளை, முடக்கொத்தான். இதையெல்லாம் களை என்று வெட்டி எறிந்துவிட்டு, சந்தையில் கீரைப்பிடிக்குக் காசு கொடுக்கிறோம்! ஆகவே கத்தி எடுக்க முன்னர், ஊரில் ஓர் ஆச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் வளவைச் சுற்றுங்கள். பழைய சீலைக் கிழிசலைக் கொண்டுபோங்கள். அவ "இது நிக்கட்டும்" என்று சொல்வதற்கெல்லாம் ஒரு துண்டு கட்டுங்கள். அதன் பிறகு வெட்டுங்கள்.

இயந்திரத்தால் ஒரே காலையில் துப்புரவாக்கலாமே என்று கேட்பீர்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு தம்பி அப்படித்தான் செய்தார். அரை ஏக்கரும் விளையாட்டு மைதானமாகிவிட்டது. மழை வந்தது, மேல்மண் ஒழுங்கைக்குப் போனது. மழை விட்டதும் வளவு முழுக்கப் பச்சை. கரட் இலைபோல வெட்டுப்பட்ட இலை, சின்ன வெள்ளைப் பூ. பாத்தீனியம்! சில்லில் ஒட்டிய சேற்றோடு வந்திருக்க வேண்டும்; வெறும் மண்தான் அதற்குப் பிடித்த இடம்.

அமெரிக்கக் கண்டத்துக் களை அது. எங்கள் நாட்டில் 1999இல் வவுனியாவில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். இந்திய அமைதிப்படைக் காலத்தில் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று சொல்வார்கள். முளைத்து ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்கும், ஒரு செடி பதினையாயிரம் விதைக்கு மேல் கொட்டும். தோல் அரிப்பு, தும்மல், சிலருக்கு இழுப்பு. கையுறை போட்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, பூக்க முன்னர் வேரோடு பிடுங்குங்கள். பூத்ததை எருக்குவியலில் போடாதீர்கள், ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். வெளியிலிருந்து மண்ணோ மாட்டெருவோ ஏற்றினால், அதைக் கொட்டின இடத்தில் மழைக்குப் பிறகு ஒரு கண் வைத்திருங்கள்.

கோரைக்கு வேறு வைத்தியம். மேலே செருக்கினால் அது சிரிக்கும். கிழங்கு கீழே மாலைபோலக் கோத்துக் கிடக்கிறது. இந்த வெயிலில் மண்ணைக் கொத்திப் புரட்டிக் கிழங்கை மேலே காயவிடுங்கள். இரண்டு கிழமையில் மிச்சம் முளைக்கும், திரும்பவும் கொத்துங்கள். களைநாசினி பற்றிக் கேட்பவர்களுக்கு: கிளைபொசேற்றை 2015இல் தடை செய்தார்கள், பிறகு தடையை எடுத்தும் விட்டார்கள். வீட்டு வளவுக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். முசுட்டையும் சேர்ந்தல்லவா சாகும்.

நேரம் ஓடிவிட்டது, மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். முழு வளவையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். கிணற்றடியில் இரண்டு பாத்தி அளவு இடம் இந்த வருடத்துக்குப் போதும். மிச்சத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் சரி. முதல் மழைக்கு முளைக்கிற களையை முளைக்க விட்டு, சின்னதாக இருக்கும்போதே உழவாரத்தால் செருக்கிவிடுங்கள். உடனே கௌப்பியை நெருக்கமாகப் போடுங்கள். அது மண்ணை மூடினால் களைக்கு வெளிச்சம் கிடையாது. ஓரத்தில் பூசணிக்கு ஒரு குழி, வத்தாளைக்கு ஒரு மேடு. விதையை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள், மழை தொடங்கினால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

தைப்பொங்கலுக்கு முன்னர் உங்கள் வீட்டில் கௌப்பிக்காய்க் கறி மணக்கும் என்று நம்புகிறேன். வளவுக்குள் என்ன மரம் கண்டீர்கள் என்று வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அடுத்த உரையில் வாசிக்கிறேன்.