கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?



தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் ஆட்டோமேட்டிக்தான் நல்லது. இடது காலுக்கு வேலையே இல்லை. மாதத்துக்கு நாலு முறை மட்டும் வண்டி எடுப்பவருக்குக் கூடுதல் விலை வீண் செலவு.

ஆட்டோமேட்டிக் ஒரே வகையல்ல. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி, சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை நமக்குப் பதில் இயந்திரம் இயக்குகிறது. விலை குறைவு. ஆனால் கியர் மாறும்போது சற்றுத் தயங்கும். ஏற்றத்தில் பின்னால் உருளலாம். டார்க் கன்வர்ட்டர், சிவிடி வகைகள் மென்மையாக ஓடும், விலை அதிகம்.

ஆகவே, டெஸ்ட் டிரைவ் வண்டியை இங்கே வரவழையுங்கள். நம் பேஸ்மென்ட் சரிவில் பாதியில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். ஏஎம்டி பின்வாங்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் தேயும், பிரேக் போடுங்கள். ஹில் ஹோல்ட் வசதி உண்டா என்றும் கேளுங்கள்.

வீட்டில் யார் யார் ஓட்டுவார்களோ, அனைவரும் ஓட்டிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

வாங்கியபின் இரண்டு விஷயம். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டுக்கும் வலது கால் மட்டுமே. 'டி'-யில் இருக்கும்போது பிரேக்கை விட்டாலே பெரும்பாலான வண்டிகள் தானாக நகரும். நம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இதை மறக்கவே கூடாது.