தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு தகடு

அந்தமான் நெடுஞ்சாலையின் வடகோடியில் திக்லிபூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தீவுகளின் தலைநகரமாகிய போர்ட் பிளேர், அதாவது 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம், அங்கிருந்து சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இடையே ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காடு. அதனூடே வாகனங்கள் காவலுடன் அணியாகத்தான் செல்லலாம். தேசப் பிரிவினைக்குப் பின்னர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் 1950களில் காடு திருத்திக் குடியேறிய பகுதி அது. ஆதலால் வங்காளியே அங்கே பெருவழக்கு. எனினும் கடைத்தெருவிலும், ஏரியல் பே துறைமுகத்திலும், மோட்டார்ப் பட்டறைகளிலும் தமிழ் காதில் விழாமற்போவதில்லை.

கால்பாங் ஆற்றின்மீது 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று அவ்வட்டாரத்தில் உண்டு. ஆயினும் தீவு வாழ்வின் பெரும்பகுதி டீசல் எஞ்சினை நம்பியே நடக்கிறது. பேருந்து, லாரி, மீன்பிடி டிங்கி, மின்சாரம் நின்றபோது ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் அதன் தயவே. அந்த எஞ்சினில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனமுள்ள ஒரு தகடு பழுதானால் வண்டி நின்றுவிடும். அத்தகட்டைத்தான் ஹெட் கேஸ்கெட் என்கிறோம். கலைச்சொல் அகராதிகள் இதற்கு எப்பெயரை இட்டாலும், பட்டறையில் 'கேஸ்கெட்', 'பேக்கிங்' என்னும் இரண்டு சொற்களே செல்லும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நானும் அவற்றை மாற்ற முயலப் போவதில்லை.

அத்தகடு செய்யும் வேலை என்ன? எஞ்சினின் உடலாகிய பிளாக்கின்மீது தலையாகிய ஹெட் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே மூன்று பொருள்கள் போய்வருகின்றன: எரியும் வாயு, மசகு எண்ணெய், குளிர்விக்கும் நீர். இம்மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது கேஸ்கெட்டின் கடமை. நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிஷத்துக்கு 750 முறை வெடிப்பு நிகழ்கிறது. லாரி டீசல் எஞ்சினில் அவ்வெடிப்பின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது. இதனோடு உஷ்ணத்தால் உலோகங்கள் விரிவதும் சேர்கிறது. அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் ஒன்று இரும்பு பிளாக்கின்மீது இருந்து, இரண்டும் எழுபது டிகிரி சூடேறினால், ஹெட் பிளாக்கைவிட ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் அதிகமாக நீளும். இந்த இழுபறியையும் அத்தகடு ஒவ்வொரு நாளும் தாங்க வேண்டியிருக்கிறது.

தகடு தோற்றுவிட்டதை அறிவது கடினமன்று. எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். புகைபோக்கியில் வெண்புகை ஓயாது வரும். ரேடியேட்டரில் குமிழிகள் எழும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாதபோதே நீர் குறைந்துகொண்டே போகும்.

அலுவல் நிமித்தம் அத்தீவுக்குச் சென்றபோது ஒரு பட்டறையில் சிறிது நேரம் அமரும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்த மூத்த மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்தவர். "ஐயா, மெட்ராஸ்காரனுக்கு ஒரு கேஸ்கெட் போனா ஜி.பி. ரோட்டுல இன்னொண்ணு வாங்கிக்குவான். இங்கே கப்பல் வரணும்" என்றார் அவர். சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள். பிறகு சாலைப் பயணம். ஹெட்டை மட்டம் பிடிக்கவேண்டுமானால் அதையும் வெளியூருக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார். ஆகவே மாட்டுவது முதல் தடவையிலேயே நிற்கவேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கும், அஸ்ஸாம் வரையில் லாரி ஓட்டிச் செல்லும் நாமக்கல், சங்ககிரி ஓட்டுநர்களுக்கும் இந்த நிலைமை புதிதாயிராது.

புதுத் தகடு வாங்குவதற்குமுன், பழையது ஏன் போயிற்று என்று கேட்கவேண்டும். ரேடியேட்டர் அடைப்போ, தண்ணீர் பம்பின் ஓய்வோ, விசிறி பெல்ட்டின் தளர்ச்சியோ காரணமாக இருக்கையில் தகட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. எஞ்சின் முற்றும் குளிர்ந்த பிறகே ஹெட்டைக் கழற்றவேண்டும். சூட்டோடு கழற்றினால் அது கோணிக்கொள்ளும்.

இனி மேற்பரப்பைத் துப்புரவு செய்யும் வேலை. என் அபிப்பிராயத்தில் முழு வேலையிலும் பாதிப் பங்கு இதுவே. பழைய தகட்டின் ஒட்டுகளைப் பிளாஸ்டிக் சுரண்டியாலோ பித்தளைச் சுரண்டியாலோ பொறுமையாக எடுக்கவேண்டும். அலுமினியப் பரப்பில் உளியை வைப்பது கூடாது. நகத்தில் தட்டுப்படும் ஒரு கீறலே வாயுவுக்கு வழியாகிவிடும். சுழலும் கிரைண்டரில் உராய்வு வட்டு பொருத்தித் தேய்த்தால் ஐந்து நிமிஷத்தில் பளபளப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வட்டு சில இடங்களைப் பள்ளமாக்கிவிடும். அதிலிருந்து உதிரும் துகளோ எண்ணெய்த் துளைகளில் இறங்கிப் பேரிங்குகளைத் தின்றுவிடும். உப்புத்தாளைக் கையில் மடித்துத் தேய்ப்பதும் இவ்வகையே. சிலிண்டர்களையும் துளைகளையும் துணியால் அடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கவேண்டும். மிகப் பழைய எஞ்சின்களில் உள்ள செம்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டுவது நுரையீரலுக்கு நஞ்சு, நனைத்துத்தான் எடுக்கவேண்டும்.

கடல்நீரை நேரே செலுத்திக் குளிர்விக்கும் படகு எஞ்சின்களில் மற்றொரு தொல்லை உண்டு. நீர்த்துளைகளின் விளிம்பை உப்பு அரித்துக் குழியாக்கிவிடும். குழி, தகடு அழுத்தும் வட்டத்துக்குள் வந்திருந்தால் எந்தப் பசையாலும் பயனில்லை; பற்றவைத்து மட்டம் சீவியாக வேண்டும்.

பின்னர் மட்டம் பார்க்கவேண்டும். பிழையற்ற இரும்பு நேர்கோலை நீளவாட்டிலும், அகலவாட்டிலும், இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அதன் அடியில் ஃபில்லர் கேஜ் நுழைகிறதா என்று சோதிக்கவேண்டும். பல எஞ்சின்களுக்கு முழு நீளத்தில் 0.10 மில்லிமீட்டர், அகலத்தில் 0.05 மில்லிமீட்டர் வரையில் பொறுக்கலாம் என்பர். எனினும் அந்தந்த எஞ்சினின் கையேடு கூறுவதே முடிவு. ஹெட்டைப் பார்த்துவிட்டு பிளாக்கைப் பாராமல் விடுவோர் பலர். நீர் சூழ்ந்த லைனர் உள்ள டீசல் எஞ்சினில் லைனரின் விளிம்பு பிளாக்கைவிட ஒரு மயிரளவு உயர்ந்து நிற்கவேண்டும். அந்த உயரமும் எல்லாச் சிலிண்டர்களிலும் ஒத்திருக்கவேண்டும்.

போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருத்தல் ஆகாது. திரவம் அமுங்காது அன்றோ? போல்ட்டை முறுக்கும்போது அது பிஸ்டன்போல் அழுத்தி பிளாக்கையே பிளந்துவிடும். காற்றடித்துத் துளையை உலர்த்தவேண்டும்.

கடைசியாக ஒரு முறை, கரைப்பானில் நனைத்த, நூல் உதிராத துணியால் இரு பரப்பையும் துடைக்கவேண்டும். பனியன் வேஸ்ட் இதற்கு உதவாது. ஒரு நூல் அகப்பட்டால் போதும், கசிவு ஆரம்பமாகும்.

பசை தடவலாமா என்பதில் பட்டறைதோறும் வாதம் உண்டு. தற்காலத்தில் வரும் பல அடுக்கு எஃகுத் தகடுகளில் தேவையான பூச்சைத் தொழிற்சாலையிலேயே பூசிவிடுகிறார்கள். அதன்மேல் சிலிகோன் பேஸ்ட் இட்டால் தகடு வழுக்கும். பிதுங்கிய பசை எண்ணெய்த் துளையை அடைக்கும். முன்பக்க மூடியும் பிளாக்கும் சேரும் மூட்டில் மட்டும் ஒரு பொட்டு வைக்கும்படி சில கையேடுகள் சொல்லும். அங்கே வைக்கலாம். வேறிடத்தில் 'இருக்கட்டுமே' என்று வைப்பது கைப்பழக்கமே தவிர வேறில்லை. எஃகுத் தகடு கண்ணாடிபோன்ற பரப்பை வேண்டுவது. பழைய கலவைத் தகட்டுக்குச் சிறிது சொரசொரப்பு இருந்தாலும் போதும். ஆகையால் பழைய எஞ்சினுக்கு எஃகுத் தகடு வாங்குபவர்கள் பரப்பு அதற்கு ஏற்றதா என்று முதலில் பார்க்கவேண்டும். மேற்புறம், முன்புறம் என்று தகட்டில் குறித்திருப்பதையும் பார்த்தே வைக்கவேண்டும். தலைகீழாக வைத்தால் எண்ணெய் வழி அடைபடும்.

இறுக்கும் வேலைக்கு டார்க் ரெஞ்சு இன்றியமையாதது. நாம் கொடுக்கும் முறுக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. எஞ்சிய பத்துப் பங்கே போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. துருவும் அழுக்கும் இருந்தால் அந்தப் பத்தும் குறையும். கருவி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, தகடு தளர்ந்தே கிடக்கும். ஆகவே மரைகளைச் சுத்தம் செய்து, கையேடு சொன்னால் துளி எண்ணெய் இடவேண்டும். நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் சுற்றிச் சுற்றி வெளியே போகவேண்டும். அதுவும் இரண்டு மூன்று தவணைகளில். குறிப்பிட்ட பாகை திருப்பி இறுக்கும் புதுவகை போல்ட்டுகள் இழுபட்டு நீண்டுவிடுபவை. அவற்றுள் ஒரு முறைக்குமேல் பயன்படுத்தலாகாது என்று குறிக்கப்பட்டவற்றைத் தகட்டோடு சேர்த்தே வாங்கிவிடவேண்டும். திக்லிபூர்ப் பெரியவர், தகடு எழுதியனுப்பும் சீட்டிலேயே போல்ட்டையும் எழுதிவிடுவதாகச் சொன்னார்; அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க அவருக்கு மனமில்லை.

முடிந்ததும் நீரை நிரப்பி, காற்றுக் குமிழியை வெளியேற்றி, சுமையின்றி எஞ்சினைச் சூடேற விடவேண்டும். கலங்கிய பழைய எண்ணெயை மாற்றாமல் ஓட்டலாகாது. பழைய வகைத் தகடாயின் கையேடு கூறும் நேரத்துக்குப் பின் மறுபடியும் இறுக்கவேண்டும். எஃகுத் தகட்டுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. மறுநாள் காலையில், எஞ்சினைக் கிளப்புமுன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரின் மட்டத்தையும், குச்சியை எடுத்து எண்ணெயின் நிறத்தையும் பார்க்கவேண்டும்.