நம் மலையின் மழைக்கணக்கு



2024 டிசம்பர் தொடக்கத்தை நாம் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் கரை ஏறி, வலுக்குறைந்து, மேற்கே போய் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை கரை மீறியது. மேலே எவ்வளவு பெய்தது என்பது கீழே இருப்பவனுக்கு உயிர்ச்செய்தி என்று திருக்கோவிலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் கல்வராயன் மலையில் பெய்வது கோமுகி, மணிமுக்தா ஆறுகளுக்கு வருகிறது. அந்த மழையின் கணக்கு எங்கே இருக்கிறது?

இந்திய வானிலைத் துறை நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1901 முதல் தினசரி மழையளவை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதை இறக்கி, ஆராய்ந்து பார்ப்பதற்கு ஐஎம்டிலிப் என்றொரு பைத்தான் நிரலை ஆய்வாளர்கள் சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு மாணவி தன் லேப்டாப்பிலேயே நூறு வருட மழையைப் படமாக வரைந்து பார்க்கலாம். கைகூப்பத் தோன்றுகிற காரியம் அது.

ஆனால் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். நம் மலை முழுவதும் ஒருசில கட்டங்களில் முடிந்துவிடும். வெள்ளிமலையில் அடித்து ஊற்றுகிற அன்றைக்கு அடிவாரத்தில் தூறல்கூட விழாமல் போகலாம். சாமை விதைத்தவருக்கு அந்த வித்தியாசம்தான் விளைச்சல். கட்டத்துக்குள் இருக்கும் எண்ணோ, சுற்றியுள்ள மழைமானிகளை வைத்துக் கணித்தது. மலையில் அளந்து வைத்தால்தானே கட்டத்தில் தெரியும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்தச் சட்டியை நிரப்ப ஒரு வழி இருக்கிறது.

2020-இல், ஊரடங்கு நேரத்தில், பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் பழைய மழைப் பதிவேடுகளின் படங்களை இணையத்தில் வைத்து, தட்டச்சு செய்து தாருங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார். 16,000 பேர் வந்தார்கள். 16 நாளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள் ஏறிவிட்டன! ஒரே எண்ணைப் பலர் தனித்தனியே அடித்து, ஒத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மாலும் முடியும். மழைமானி இருந்த இடத்திலெல்லாம் ஒரு பதிவேடு இருந்திருக்கும். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பதிவேடு எழுதும் வேலையில் இருந்திருந்தால் கேளுங்கள். அனுமதி வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுப்போம்.

இனிமேல் பெய்வதை நாமே அளப்போம். காலை 8.30 மணிக்கு மழைமானியின் குப்பியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றுங்கள். குனிந்து, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மழை பெய்யாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். ஏன் சொல்கிறேன் என்றால், வெறும் இடமாக விட்டால், பெய்யவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று இருபது வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்குத் தெரியாது.

மழை அளக்க முன்வருபவர்களுக்காக வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மலையிலிருந்து வந்தவர்கள் முதலில் வாருங்கள். பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு பஸ் ஏறுங்கள்.