சான்றிதழின் கடைசி வரி

ஒருவர் மருத்துவமனையில் இறந்துபோனால், அதற்கான காரணத்தை மருத்துவர் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். முதல் வரியில் உடனடிக் காரணம். அதற்கு எது காரணம் என்பது அடுத்த வரி. அதற்கும் எது காரணம் என்பது அதற்கும் கீழே. சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காலில் புண் வந்து அழுகி, கிருமி ரத்தத்தில் பரவி உயிர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முறையாக எழுதினால் கடைசி வரியில் சர்க்கரை நோய் இருக்கும். நாட்டின் இறப்புக் கணக்கில் ஏறுவது அதுதான். அவசரத்தில் ‘இதயம் நின்றுவிட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டால்? இறக்கிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தானே செய்கிறது! அவரை எந்த நோய் கொண்டுபோனது என்பது கணக்கில் வராமலே போய்விடும். சர்க்கரை நோய்த் தடுப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவெடுப்பவர்கள் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

அந்த வரிகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுகிறவர்கள் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறார்கள். எழுதியது தெளிவாக இல்லையென்றால் அவர்கள் ஊகிக்கக் கூடாது. மருத்துவரிடமே திரும்பக் கேட்க வேண்டும். இத்தனை பொறுப்பான வேலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அவர்கள் கையில் இருப்பது ஐ.சி.டி. என்னும் பன்னாட்டு நோய் வகைப்பாடு. 1893-ல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் முன்வைத்த பட்டியலில் தொடங்கியது. 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

எண்ணுவதற்கான பட்டியல் என்பதால், ஒருவரை இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாது. காசநோய்க் கிருமி மூளையின் உறையைத் தாக்கும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் பதிப்பில் அதன் முதன்மைக் குறியீடு ஏ17.0. அது தொற்றுநோய் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் சிகிச்சை தருகிறவருக்கு அது தொற்றுநோயும்தான், நரம்பு மண்டல நோயும்தான். அதனால்தான் ஸ்னோமெட் சி.டி. என்ற கலைச்சொல் தொகுப்பு வேறு விதமாக அமைக்கப்பட்டது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருத்துகள் அதில் உண்டு. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. இது எந்த வகை நோய், உடலில் எங்கே, எந்தக் கிருமியால் என்ற உறவுகளையும் அது சேர்த்தே வைத்திருக்கிறது. இப்படி உறவுகளை வரையறுத்து வைப்பதைத்தான் ஆன்டாலஜி என்கிறார்கள். ‘காசநோய்க் கிருமியால் வந்தவை எல்லாம்’ என்று கேட்டாலும், ‘மூளையுறையைத் தாக்கியவை எல்லாம்’ என்று கேட்டாலும், கணினி அந்த நோயாளியைத் தவறவிடாது.

நமக்கு நெருக்கமான வேலை ஒன்றும் இதில் இருக்கிறது. 2024 ஜனவரியில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவ நோய்ப் பெயர்களுக்கென்று ஐ.சி.டி. 11-இல் தனித் தொகுதி ஒன்று வெளியிடப்பட்டது. வாதம், பித்தம், கபம் என்று நோயைப் பிரிக்கும் சித்த மருத்துவரின் குறிப்பையும் இனி பன்னாட்டுக் குறியீட்டில் பதியலாம். அதைப் பிழையில்லாமல் செய்ய, சித்த நூல்களைத் தமிழிலேயே படிக்கத் தெரிந்து, வகைப்பாட்டையும் முறையாகக் கற்ற பிள்ளைகள் வேண்டும்.