கடற்கரைப் பாதையும் உங்கள் கைபேசியும்



மெரினாவிலிருந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குக் கரையோரமாகவே நடந்து போக முடியுமா? கலங்கரை விளக்கம், நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் வரை வந்துவிடலாம். அங்கே அடையாறு கடலில் கலக்கிறது, பாதை நின்றுவிடும். மீனவர்கள் ஆற்றைக் கடக்க 1967-ல் கட்டின பாலம் 1977-ல் இடிந்துபோச்சு. மிச்சம் நிற்பதைத்தான் ‘உடைந்த பாலம்’ என்கிறோம். எதிர்க்கரைக்கு திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றித்தான் போகணும். உடைந்த பாலத்தின் நுனிக்குப் போய் செல்ஃபி மட்டும் எடுக்காதீங்க. சினிமாவில் பார்க்க அழகாத்தான் இருக்கும், கால் தவறினால் கீழே ஆறு.

ஆறு குறுக்கே வந்தால் எல்லாருக்கும் தெரிகிறது. நாலு அங்குலப் படி குறுக்கே வந்தால், சிலருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்க அம்மாவுக்கு 71 வயசு. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வீல்சேர்தான். அலையைக் கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காச்சு. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை இருக்கே, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அங்கே ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கி நடைபாதையில் ஏறணும். ஏறுகிற சாய்தளத்தை அடைத்து யாரோ பைக் நிறுத்தியிருந்தாங்க. கடைசியில் ஆட்டோக்காரரும் சோளம் விற்கிற அண்ணனும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி வைத்தாங்க. “நல்லா இருங்கப்பா” என்று சொன்ன அம்மா, கொஞ்சம் தள்ளி வந்ததும், “மூட்டை மாதிரி ஆயிட்டேன்டா” என்றாங்க. மரப்பாதை முடிகிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசல.

அந்தப் பாதை 2022 நவம்பர் 27-ல் திறக்கப்பட்டது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து, கடலை ஒட்டிய பகுதி சேதமாகி, பிறகு சரிசெய்தாங்க. கடற்கரை வேலை அப்படித்தான், ஒரு தடவை கட்டிவிட்டால் முடிந்துவிடாது. உப்புக்காற்று ஆணியை அரிக்கும், காற்று மணலைக் கொண்டுவந்து பலகைமேல் கொட்டும். வீல்சேரின் சின்ன முன்சக்கரம் சிக்கிக்கொள்ள இரண்டு விரல்கடை மணல் போதும். இதையெல்லாம் முதலில் பார்ப்பது தினமும் நடக்கிற நீங்கதான்.

ஒரு சின்ன வேலை சொல்றேன். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்குமேல் உயரக் கூடாது என்பது விதி. கோணமாகச் சொன்னால் 5 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. பல போன்களில் மட்டம் பார்க்கிற வசதி இருக்கு, இல்லாவிட்டால் அதற்கான செயலி இலவசமாகவே கிடைக்கும். போனை ஏறுகிற திசையில் சாய்தளத்தின்மேல் வையுங்க. 8, 10 என்று காட்டினால், அதில் வீல்சேரில் தனியாக ஏறுவது ரொம்பக் கஷ்டம். அந்தத் திரையை அப்படியே படம் பிடிச்சுக்கோங்க.

புகாரில் ‘பீச்சில் பாதை சரியில்லை’ என்று எழுதினால், ஆறு கிலோமீட்டரில் எங்கே என்று தேடுவாங்க? லொகேஷனை ஆன் செய்து படம் எடுங்க. பக்கத்து விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதையும் குறிப்பிடுங்க. ‘நம்ம சென்னை’ செயலியில் போடலாம், மாநகராட்சியின் 1913-க்கும் கூப்பிடலாம். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிவைங்க. நடவடிக்கை இல்லையென்றால் முதல்வரின் முகவரி, 1100. அங்கேயும் அந்தப் பழைய எண்ணைச் சொன்னால்தான் தொடர்ச்சி கிடைக்கும். சாய்தளத்தை மறித்து வண்டி நின்றால், வண்டி எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து போக்குவரத்துக் காவல்துறைக்கு அனுப்புங்க.

யாராவது விழுந்துவிட்டால் 108. அலையில் யாராவது சிக்கினால் 1093, கடலோரப் பாதுகாப்புக்கானது. அல்லது 112. நீங்க பின்னாடியே குதிக்காதீங்க. இருட்டியபின் தனியாக நடக்கிறவங்க, வீட்டில் ஒருத்தருக்கு லைவ் லொகேஷன் அனுப்பிட்டு நடங்க.

அம்மா இப்போ எலியட்ஸ் பீச் எப்படியிருக்கும் என்று கேட்கிறாங்க. முதலில் நான் மட்டும் போய், பஸ் நிறுத்தத்திலிருந்து மணல் வரைக்கும் போனை வைத்துப் பார்த்துட்டு வரேன் என்று சொல்லியிருக்கேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன்.