தறியும் வகுப்பறையும்

தென்னேரிக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்தின் கோர்வைப் பட்டுக்குத் தறியில் இருவர் வேண்டும். நெசவாளர் உடலை நெய்ய, ஒருபக்கக் கரையின் நாடாவைத் தள்ளியவர் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவரே. பெற்றோர் வாங்கிய முன்பணம் அவர்களை அங்கே இருத்தியது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்குப் பின்னும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், பள்ளியை இழந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சியளிக்கப் பணித்தது. பன்னிரண்டு வயதில் அகரம் எழுதும் பிள்ளை நாணாதோ? ஆசிரியர் பயிற்சியில் சமத்துவம் என்னும் சொல்லை விளக்குதல் எளிது. அந்நாணத்தைப் போக்கக் கற்பித்தலே அரிது. இழையெண்ணிப் பழகிய பிள்ளைக்குக் கணக்கு வாராது எனல் தகுமா?

இரு வகுப்புகளை ஒருங்கே நடத்திப் பதிவேடுகளும் நிரப்பும் ஆசிரியரிடம் பொறுமையை மட்டும் கேட்பதும் முறையன்று. ஓய்வும், சக ஆசிரியரோடு மனம்விட்டுப் பேசும் வாய்ப்பும் அப்பயிற்சியிலேயே இடம்பெறல் வேண்டும்.