அண்ணல் இன்று விண்ணப்பித்தால்?



தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அம்மாவின் மகள் நான். வெளிநாட்டில் பொருளியல் முதுகலை படிக்கப் போகிறேன் என்றால், "நமக்கெதற்கு அது?" என்று கோவில்பட்டியில் கேட்கிறார்கள்.

பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர், 1915இல் பொருளியலில் முதுகலை முடித்தார். 1918இல் இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றி எழுதினார். துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தால் மட்டும் போதாது. முதலீடு வேண்டும், நிலத்தையே நம்பிக் கிடப்பவர்களுக்குத் தொழில் வேண்டும் என்றார். மானாவாரிக் கரிசலில் கூலிக்குப் போகும் நமக்கு அது சொந்தக் கணக்கு.

பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் 2022இல் ஒன்றிய அரசு ஒரு விதி சேர்த்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணமில்லை. கொலம்பியாவில் அண்ணல் எழுதியதோ பண்டைய இந்திய வணிகம், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி, சாதியின் தோற்றம். இன்று விண்ணப்பித்தால் அவருக்குக் கிடைக்குமா?

வெளியே போய்ப் படி, உன் சேரியைப் பற்றி மட்டும் படிக்காதே என்பதே இதன் பொருள். விண்ணப்பிப்போம், அந்த விதியை நீக்கவும் போராடுவோம்.

ஜெய்பீம்!